எந்தத் திரையிலும்

திரையின் நடுவில் இருந்த வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று நினைத்துப் பொன்னையா சுட்டுவிரலால் துடைத்தார். அது போகவில்லை. விரலை எச்சிலில் தொட்டு இன்னொரு தடவை துடைத்தார். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். புருவத்திலும் காதோரத்திலும் தூள் படிந்திருந்தது. தன் மேலிருந்துதான் ஏதோ உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தார். மகள் பவளராணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது தூசி இல்லப்பா. நான் போட்டது."

பொன்னையா விரலை எடுத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெளிச்சம். தீபாவளிக்கு முன்னாலிருந்து இந்தப் பிள்ளை வீட்டுக்குள் அடைந்து கிடந்தது இந்த ஒரு புள்ளிக்காகவா என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அழுது முடித்தவள் போலவும் சிரிக்கப் போகிறவள் போலவும் இருந்தாள்.

"வேற எங்க வேணும்னு காட்டுங்க," என்றாள்.

அவர் விளையாட்டாக மேல் மூலையைக் காட்டினார். அவள் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். இயந்திரம் அணைந்து மறுபடி எழுந்தது. வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. பிறகு திரைப்பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் கறுப்பானது. அவர் விரல் நின்ற அதே இடத்தில், அதே மூலையில், புள்ளி எரிந்தது. பொன்னையாவின் கையில் மயிர் கூச்செறிந்தது. கோயிலில் சூடம் காட்டும்போது வருகிற மாதிரியான ஒன்று. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில், அடுப்புப் புகை படிந்த சுவருக்கு முன்னால், தன் சொந்தப் பிள்ளையிடம் அப்படி ஒன்று வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

இலங்கை மலையகத்தில், இரத்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்துக்கும் மேலே இருந்தது அந்தத் தோட்டம். அங்கேயிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கணினி படித்தவள் பவளராணி ஒருத்திதான். படிப்பு முடிந்து கொழும்பில் வேலையும் கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேலறையில் தங்கியிருந்தாள். வடக்கில் சண்டை கடுமையான பிறகு பொலிஸ் பதிவு, சோதனை என்று ஆட்கள் அடிக்கடி வந்து கதவைத் தட்டவும், வீட்டுக்காரி வேறிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கு, அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தோடு, இன்னோர் அறை கொடுக்க அந்த வருடம் யாரும் முன்வரவில்லை. உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்கியவள், சில கிழமைகளில் மாத்தளை டவுனுக்குப் போய், டெலிபோன், இன்டர்நெட் வசதியோடு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த பதுர்தீனிடம் பழைய பாகங்களாக வாங்கி ஒரு கணினியைப் பொருத்திக்கொண்டாள். அதற்கு மூடிகூட இல்லை. உள்ளே இருக்கும் வயர்களெல்லாம் வெளியே தெரிந்தன.

என்ன செய்கிறாய் என்று கேட்டபோது டிரைவர் எழுதுகிறேன் என்றாள். பொன்னையாவுக்குக் கொழுந்து லொறி ஓட்டுகிற செல்லச்சாமிதான் நினைவுக்கு வந்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள். கணினியில் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை மென்பொருள் ஒன்று இருக்கிறது. பெரிய கம்பனிகள் அதைப் பூட்டி வைத்து விற்கின்றன. ஆனால் பல நாட்டில் இருக்கிற சில பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, சம்பளம் இல்லாமல், சின்னதாக ஒன்றை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். கொழும்பில் இருந்தபோதே அவளும் அதில் சேர்ந்துவிட்டாள். அதில் ஒரு குறை. திரையில் படத்தைக் கொண்டுவரும் கார்டு ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு மூன்று கார்டுகளுக்குத்தான் டிரைவர் இருந்தது. மற்றக் கணினிகளில் கறுப்புத் திரையும் எழுத்தும் மட்டும்தான். எந்தக் கார்டாக இருந்தாலும் படத்தைக் காட்டிவிடுகிற ஒரு பொது டிரைவரை அவள் எழுதுகிறாள்.

"எல்லா மெசினுக்கும் ஒரே டிரைவரா? அது எப்பிடி முடியும்?" என்று கேட்டார் பொன்னையா. ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ஒரு ரோலர் பழகியவன் இன்னொரு ரோலரில் கை வைக்கப் பயப்படுவான்.

"ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பாஷைப்பா. ஆனா எந்தக் கார்டும் வெளிய வரும்போதே ஒரு பொதுப் பாஷையையும் கொஞ்சம் கத்துக்கிட்டுத்தான் வருது. நீங்க சந்தையில பேசுற சிங்களம் மாதிரி. வெலை கேக்கலாம், வழி கேக்கலாம். அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு போதும்."

அந்தப் பொதுப் பாஷையில் பேசுவதுதான் சிரமமாக இருந்தது. அது பழைய காலத்துக் கணினிக்காக எழுதப்பட்டது. இன்றைய கணினி ஒரு கணம் பழசைப் போல நடித்துக் கீழே இறங்கி, கார்டிடம் கேட்டு, பதிலோடு மேலே ஏறி வரவேண்டும். ஏறி வரும் வழியில் இயந்திரம் அப்படியே உறைந்துபோகும். ஆட்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில்தான் லயத்தில் கரண்ட் ஒழுங்காக இருக்கும். அந்த நேரமெல்லாம் அவள் அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுக்கொண்டிருந்தாள். காரணம் எதுவும் திரையில் வராது. திரைதான் இன்னும் பிறக்கவில்லையே. இருட்டில் கையால் தடவிக் கதவைத் தேடுவது போல என்று சொன்னாள்.

புள்ளி வந்த பிறகு மற்றவை வேகமாக வந்தன. கோடு வந்தது, கட்டம் வந்தது, திரை முழுக்க ஒரே நிறம் வந்தது. ஒரு படத்தைக் காட்டிப் பார்க்க அவளிடம் இருந்தது தாயின் படம் ஒன்றுதான். கொழும்பிலிருந்து ஒரு லீவுக்கு வந்தபோது சிநேகிதியின் டிஜிட்டல் கமராவில் எடுத்தது. சுந்தரம்மா லயத்துத் தண்ணீர் விழும் பீலியடியில் முகம் கழுவிவிட்டு நிமிர்கிறாள். முகமெல்லாம் தண்ணீர், எதற்கோ சிரிப்பு. முதலில் அந்தப் படம் நீல முகத்தோடு வந்தது. சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன என்றாள் மகள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து கிருஷ்ணர் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். சுந்தரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கொழுந்துச் சாக்கை உதறி மாட்டிவிட்டு, "என் நெறத்த எனக்குக் குடுத்துரு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் நிறம் சரியாக வந்தது. கன்னத்துத் தண்ணீர்த் துளிகூடத் தனியாகத் தெரிந்தது.

செய்ததை டவுனுக்குக் கொண்டுபோய், பதுர்தீனின் கடையிலிருந்து அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பி வைத்தாள். ஆனால் வேறு கார்டில் போட்டுப் பார்க்க அவளுக்கு வழியில்லை. பதுர்தீனின் கணினிகள் எல்லாம் ஒரே இனம். அவளுடையதும் அங்கேயிருந்து வந்ததுதான். எல்லா இடத்திலும் ஓடும் என்று அவள் எழுதிய டிரைவர் அதுவரை ஓடியது ஒரே மாதிரிக் கணினியில்தான்.

அதற்குள் அந்தக் காலை வந்தது. எங்கேயோ பஸ்ஸில் குண்டு வெடித்ததற்கு மறுநாள், வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் பொலிஸார் லயங்களைச் சுற்றி வளைத்துச் சோதித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெண் வயர் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூடியில்லாத கணினியைப் பார்த்ததும் அவர்களுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பெண் பொலிஸ் பவளராணியின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள். கணினியையும் திரைப்பெட்டியையும் ஒரு போர்வையில் சுற்றி ஏற்றினார்கள்.

செய்தி ஸ்டோருக்கு வந்தபோது பொன்னையா காக்கிக் காற்சட்டையோடு அப்படியே ஓடினார். சுந்தரம்மா மலையிலிருந்து இறங்கி வந்து பாதி வழியில் சேர்ந்துகொண்டாள்.  பக்கத்துத் தோட்டத்தில் இப்படிக் கொண்டுபோன ஒரு பிள்ளையைப் பூசா தடுப்பு முகாமில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தாய் ஒருத்தியை இருவருக்கும் தெரியும். பொலிஸ் நிலைய வாசலில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். சுந்தரம்மா கேற்றுக்கு எதிரே இருந்த மாமரத்தின் கீழ், தூறலுக்குக் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஓ.ஐ.சி. என்கிற பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் பவளராணி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கணினியைத் தரையில் வைத்து இயக்கியிருந்தார்கள். திரை நிறைய இலக்கமும் எழுத்தும். இதில் யாருக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று அதிகாரி கேட்டார். அவள் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். வீட்டில் டெலிபோன் இணைப்பே இல்லை, இது செய்தி அனுப்புவதில்லை, திரையில் படம் வரவைப்பது. படம்தான் எல்லாக் கணினியிலும் வருகிறதே, அதற்கு எதற்கு இவ்வளவு எழுத்து என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பொன்னையா சுவரோரம் கைகட்டி நின்றார். மகள் சொல்லச் சொல்ல அதிகாரியின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

பிறகு பவளராணி ஒன்று கேட்டாள். அவர் மேசையில் இருந்த கணினியைக் காட்டி, அதில் போட்டுக் காட்டட்டுமா என்றாள்.  அறிக்கைகள் எல்லாம் அதில் இருக்கின்றன, கெடுத்துவிடுவாள் என்றான் தட்டச்சு செய்கிற கான்ஸ்டபிள். உள்ளே இருக்கும் எதையும் தொடாது, என் கணினியில் இருக்கிற இந்த ஃப்ளொப்பியிலிருந்து மட்டும் ஓடும், எடுத்துவிட்டால் பழையபடி இருக்கும் என்றாள் அவள். அதிகாரி பேனையை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கணினியிலும் ஓடும் என்றுதானே சொன்னாய் என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஓடாவிட்டால் என்று அவர் கேட்கவில்லை.

ஃப்ளொப்பி கரகரத்தது. பொன்னையாவுக்குப் பழகிப்போன வெள்ளை எழுத்துகள் ஓடின. டக் என்ற சத்தம் கேட்டது. திரை கறுத்தது. அந்த ஒரு கணத்தில் அவர் முத்துமாரியம்மனை நினைத்தாரா, பூசாவை நினைத்தாரா என்று பிற்பாடு அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

படம் வந்தது. ஆனால் சுந்தரம்மாவின் முகம் சாய்ந்து, கோடு கோடாக இழுபட்டு, திரையின் ஒரு ஓரத்தில் வெளியேறி மறு ஓரத்தில் நுழைந்துகொண்டிருந்தது. கண் ஓரிடத்தில், சிரிப்பு வேறிடத்தில்.

"மேக்க மொகத?" என்றார் அதிகாரி. இது என்ன என்று.

பவளராணி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். பயத்தில் வருகிற சிரிப்பு இல்லை அது; பரீட்சையில் நல்ல கேள்வி வந்துவிட்டதைப் பார்த்த பிள்ளையின் சிரிப்பு. பொன்னையா அந்த அறையில் மூச்சுவிடவே கூசி நின்றார். அவர் மகள் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். அதிகாரியின் மேசையிலிருந்த வெள்ளைத் தாளை, கேட்காமலே இழுத்து, கோடு போட்டுக் காட்டத் தொடங்கினாள். தேயிலை நிரைகள் மாதிரி என்று சிங்களத்தில் சொன்னாள். ஒரு நிரை முடிந்ததும் அடுத்த நிரை ஒட்டினாற்போல் தொடங்கும் என்று நினைத்துவிட்டேன். என் கார்டில் அப்படித்தான். உங்களுடைய கார்டு ஒவ்வொரு நிரை முடிவிலும் தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டின மாதிரி இடம் விட்டிருக்கிறது. எவ்வளவு இடம் என்று அதனிடமே கேட்டால் சொல்லும், நான்தான் கேட்கவில்லை. இதை என் வீட்டில் இருந்து நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அன்னியக் கணினி ஒன்றுதான் காட்டித்தர முடியும்.

அதிகாரி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் கதவோரத்திலிருந்து மேசைக்கு வந்துவிட்டான். திருத்த முடியுமா என்று கேட்டது அவன்தான்.

தரையில் இருந்த தன் கணினிக்கு முன்னால் அவள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அதிக நேரம் எடுக்கவில்லை.  வெளியே ஒரு லொறி போகும் சத்தம், கீபோர்டின் சத்தம், அவ்வளவுதான். மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னையாவுக்கு, அவள் கொழுந்து எடுக்கப் போயிருந்தால் மலையிலேயே வேகமான கையாக இருந்திருப்பாள் என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்தது. திருத்தியதை ஃப்ளொப்பியில் ஏற்றி, அவள் எழுந்து அதை அதிகாரியின் கணினியில் மறுபடி போட்டாள். எழுத்துகள் ஓடின. டக். கறுப்பு.

சுந்தரம்மா சிரித்துக்கொண்டு வந்தாள். நேராக, முழுதாக, கன்னத்தில் தண்ணீர் மின்ன, பொலிஸ்காரர் மேசையின் மேல். அறையில் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். தானாக இருக்கும் என்று பொன்னையா நினைத்தார். பார்த்தால் கான்ஸ்டபிள்.

இது யார் என்று அதிகாரி கேட்டார்.

"அம்மா," என்றாள் பவளராணி. அந்தச் சொல்லுக்கு மட்டும் பாஷை மாற வேண்டியிருக்கவில்லை.

பொன்னையாவுக்கு அப்போதுதான் நாக்கு வந்தது. தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், கையை ஜன்னல் பக்கம் நீட்டி, "மகே நோனா, மாத்தயா. எலியே இன்னவா," என்றார். என் மனைவி ஐயா, வெளியே நிற்கிறாள்.

அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். மாமரத்தின் கீழ், தலையில் சாக்கோடு, கட்டிடத்தையே பார்த்துக்கொண்டு ஒரு பெண் நனைந்து நின்றாள். அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வழக்கமான குரலில், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம், கணினி இங்கே இருக்கட்டும், கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து கையொப்பம் வைக்க வேண்டும் என்றார். ஃப்ளொப்பியையும் ஓர் உறையில் போட்டு ஒட்டினார்கள்.

கணினி திரும்பி வரவில்லை. பவளராணி அதற்காக ஒருநாள் அழுதாள். அதற்குப் பிறகு, திருத்திய வரிதான் மனதில் இருக்கிறதே என்று சொல்லி டவுனுக்குப் புறப்பட்டாள். தனியாக விடப் பொன்னையாவுக்கு மனம் வரவில்லை, கூடப் போனார். விஷயம் பதுர்தீனின் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் கடைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் பொன்னையா நினைத்தார். பதுர்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே மூலையில் இருந்த கணினியைக் காட்டினார்.

"நீங்க எழுதுங்க தங்கச்சி. நான் வாசல்ல நிக்கிறன்."

அவள் திருத்திய வரியை எழுதி அனுப்பினாள். அதோடு, உங்களிடம் இருக்கும் கணினிகளில் எல்லாம் போட்டுப் பாருங்கள், படம் எப்படி வருகிறது என்று காட்டுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். படம் என்று சேர்த்து அனுப்பியதும், முதல் தடவை அனுப்பியபோது கடையில் தங்கியிருந்த அதே படம்தான். வேறு படம் தேட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அடுத்த கிழமை கையொப்பம் வைத்துவிட்டு அப்படியே கடைக்குப் போனார்கள். பதில்கள் வந்திருந்தன. முதல் படத்தை அவள் திறந்தாள். மேலிருந்து கீழே, நூல் நூலாக, மெதுவாக இறங்கியது. முதலில் ஒரு ஜன்னலின் மேல் பாதி. அதற்கு அப்பால் மரமெல்லாம் வெள்ளை. பனி என்றாள் மகள். பிறகு புத்தகம் அடுக்கிய ஒரு பலகை. பிறகு ஒரு திரைப்பெட்டியின் மேல் விளிம்பு. அதற்குள் கறுப்பாக ஏதோ இறங்கி வந்தது. தலைமயிர். நடுவில் வகிடு. அந்த வகிட்டைப் பொன்னையாவுக்குத் தெரியும். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வந்தது, புருவம் வந்தது, தண்ணீர் வழிகிற கன்னம் வந்தது. பனி பெய்கிற ஊரில், அவருக்குப் பேரைக்கூடச் சொல்லத் தெரியாத ஒரு நாட்டில், யாரோ ஒருவருடைய மேசையில் சுந்தரம்மா பீலியடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகள் அடுத்ததைத் திறந்தாள். சமையலறை ஒன்று, பக்கத்தில் வாழைப்பழச் சீப்பு. பிரேசில் என்றாள். அடுத்தது ஒரு மாணவனின் அறை. சுவரெல்லாம் பந்தாட்டக்காரர்களின் படம். மடிக்கணினி ஒன்றில் அகலமாக, பழைய பெட்டி ஒன்றில் மங்கலாக, ஒவ்வொன்றிலும் அவள். இவை எல்லாம் வேறு வேறு கார்டா என்று பொன்னையா கேட்டார். எல்லாம் வேறு வேறு என்றாள். ஒருவருக்கு மட்டும் படம் வரவில்லை. வெறும் கறுப்புத் திரையை எடுத்து அனுப்பியிருந்தார். பவளராணி அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள். அந்த ஆளுக்குத்தான் முதலில் பதில் எழுதினாள். பதுர்தீன் வாசலிலிருந்து உள்ளே வந்து, "அல்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னபோது சுந்தரம்மா நம்பவில்லை. பொலிஸுக்குப் போன படம் ஊரெல்லாம் போய்விட்டதா என்று பயந்தாள். அதன் பிறகு பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில், மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் அவளை டவுனுக்குக் கூட்டிவர முடிந்தது. சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, எல்லோரோடும் வரிசையில் நடந்து, மறுபடி ஏறி வந்தாள். திருநீறு நெற்றியோடு பதுர்தீனின் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

புதிதாக வந்திருந்த ஒரு படத்தை மகள் திறந்தாள். சுந்தரம்மா தன் முகத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டு ஒருமுறை கண்ணை எடுத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது அவள் பார்த்தது தன்னை அல்ல. திரைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயதானவள், கம்பளிச் சட்டை, நரைத்த கட்டை மயிர். படம் எடுத்தவனின் தாயாக இருக்கும். தன்னையும் திரையிலிருந்த சுந்தரம்மாவையும் சேர்த்துப் படம் பிடிக்கச் சொன்னது போல, தோளைத் திரைப் பக்கம் சாய்த்து, தலையை நேராக வைத்திருந்தாள்.

"யாரு இவங்க?" என்று கேட்டாள் சுந்தரம்மா.

"தெரியாதும்மா," என்றாள் பவளராணி.

சுந்தரம்மா முந்தானையால் நெற்றியை ஒற்றி, காதோர மயிரை ஒதுக்கிவிட்டாள். பிறகு எழுந்து, நாற்காலியைத் திரைக்கு முன்னால் சற்று ஓரமாக நகர்த்திப் போட்டு, பக்கத்தில் அந்தப் பெண்ணும் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.